காரைக்காலில் தமிழ் கற்ற பிரெஞ்சு வாத்தியார்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டதும், நம்ம ஊரோடு சம்பந்தப்பட்ட ஒரு மொழி ஆசிரியரைப் பற்றி எழுதத் தோன்றியது. அவர் நம் கல்லூரியில் பாடம் நடத்தியவர் அல்லர். ஜூலியன் வின்சோன் என்ற பிரெஞ்சுக்காரர். 1926-இல் மறைந்தவர்.

உயர்நிலைப் பள்ளியில் நான் பிரெஞ்சு எடுத்தது மார்க்குக்காகத்தான். இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. வினைச்சொற்களைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்த எங்களை ஒருநாள் நிறுத்திவிட்டு, எங்கள் பிரெஞ்சு சார் வின்சோன் பெயரைச் சொன்னார். அன்று காதில் வாங்கிக்கிட்டதோடு சரி. பல வருஷம் கழித்துத்தான் தேடிப் படித்தேன்.

வின்சோன் 1843-இல் பாரிசில் பிறந்தார். தகப்பனாருக்குக் காரைக்காலில் நீதித்துறை உத்தியோகம். ஆகவே பையனின் இளமை நம்ம ஊரில் கழிந்தது. தமிழும் இங்கேயே வாய்த்தது. பிறகு பிரான்சில் வனவியல் படித்து, பயோன் பகுதியில் வன அதிகாரியானார். காட்டைக் கவனிக்கப் போனவர், அந்தப் பக்கத்து ஜனங்கள் பேசிய பாஸ்க் மொழியையும் கற்றுக்கொண்டார். சும்மா பேச மட்டும் அல்ல. பாஸ்க் மொழி நூல்களுக்கு ஒரு பெரிய பட்டியலே தொகுத்து 1891-இல் வெளியிட்டார்.

காட்டு உத்தியோகத்தை விட்டு, பாரிசின் கீழைமொழிப் பள்ளியில் ஆசிரியரானார். இந்துஸ்தானியும் தமிழும் அவர் பாடங்கள். சுமார் நாற்பது ஆண்டுகள் அங்கே தமிழ் சொல்லிக் கொடுத்தார். பிரெஞ்சு மாணவர்களுக்காக இலக்கணம், பாடப்பகுதி, சொல்தொகுதி எல்லாம் சேர்த்து 1903-இல் ஒரு தமிழ்க் கையேடு எழுதினார்.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய கடிதத் தொடர்புதான். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதைப் படித்த வின்சோன் பாரிசிலிருந்து அவருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதினார். பாரிஸ் நூலகத்தில் கிடந்த பழைய தமிழ்ச் சுவடிகளைப் பற்றியும் தெரிவித்தார். ஐயர் தம் சுயசரிதையில் இதை நன்றியோடு பதிவு செய்திருக்கிறார். கும்பகோணத்தைத் தொட்டு வரும் அரசலாறுதான் நம்ம ஊரில் கடலில் கலக்கிறது. சிறுவயதில் அந்த ஆற்றங்கரை ஊரில் கற்ற மொழி, எங்கேயோ பாரிசிலிருந்து அதே ஆற்றங்கரைக்குக் கடிதமாகத் திரும்பி வந்திருக்கிறது, பாருங்கள்!

எட்டு வருஷம் பிரெஞ்சு படித்த நான் இன்றுவரை அந்த மொழியில் ஒரு கடிதம் எழுதியதில்லை. மார்க் வந்தது, மொழி வரவில்லை. குற்றம் சாருடையதில்லை. வின்சோன் கதையை அவர் எதற்காகச் சொன்னார் என்று புரிந்தபோது, போய்ச் சொல்ல அவர் இல்லை.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பிரெஞ்சோ வேறு எந்த மொழியோ எடுத்திருந்தால், பரீட்சை முடிந்ததும் மூட்டை கட்டிப் போட்டுவிடாதீர்கள். அந்த மொழியில் யாருக்காவது ஒரு கடிதம் எழுதுங்கள். தப்பிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். சொல்லிக் கொடுத்தவர் இருக்கும்போதே அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.