பாசியைத் தனியே பிரித்த பெயரிங்க்

உளுந்து விதையுடன் ரைசோபியம் கலந்து விதைக்கிறோம். நெல் நாற்றின் வேரை அசோஸ்பைரில்லம் கரைசலில் நனைத்து நடுகிறோம். இந்த இரண்டு நுண்ணுயிர்களின் வரலாற்றிலும் இடம்பெற்றவர் நெதர்லாந்தின் மார்ட்டினஸ் பெயரிங்க். பச்சைப் பாசியைக் கலப்பின்றி வளர்த்துக் காட்டியவரும் அவரே.

1851-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். தந்தை புகையிலை வணிகர், தொழில் நொடித்துப்போனது. படித்து முடித்த பெயரிங்க், வாகனிங்கன் ஊரின் வேளாண் பள்ளியில் ஆசிரியரானார். 1885-ல் டெல்ஃப்ட் நகரின் ஈஸ்ட் ஆலையில் ஆய்வாளராகச் சேர்ந்தார். அங்கிருந்தபோதுதான், 1888-ல், பயறுவகைச் செடிகளின் வேர் முடிச்சிலிருந்து ரைசோபியத்தைப் பிரித்தெடுத்தார்.

அடுத்துப் பாசியில் இறங்கினார். அது எளிதாக இல்லை. ஒரு சொட்டு வாய்க்கால் நீரில் பாசியோடு எண்ணற்ற பாக்டீரியாக்களும் இருக்கும். பாசி மெல்லப் பெருகும். பாக்டீரியா வேகமாகப் பெருகி அதை மூடிவிடும். வளர்ப்புத் தட்டில் ஊற்றிய ஜெலட்டினையே சில பாக்டீரியாக்கள் கரைத்து நீராக்கிவிடும். கொதிக்கவைத்துக் கொன்றாலோ பாசியும் சாகும்.

பெயரிங்க் பாக்டீரியாவின் இரையைக் குறைத்தார். பாசி வெளிச்சத்தில் தன் உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும். இந்தப் பாக்டீரியாக்களுக்கோ மட்கும் பொருள் வேண்டும். எனவே சத்துக் குறைந்த ஜெலட்டினில் பாசியைக் கலந்து வெளிச்சத்தில் வைத்தார். பச்சைப் புள்ளிகள் தனித்தனியே எழுந்தன. அவற்றை எடுத்துப் புதிய தட்டுக்கு மாற்றினார். 1890-ல் குளோரெல்லா பாசி தூய வளர்ப்பாகக் கிடைத்தது.

வேண்டிய உயிருக்கு மட்டும் ஏற்ற சூழலைக் கொடுத்தால் மற்றவை தாமே பின்வாங்கும் என்பதே அவர் வழி. 1901-ல் தழைச்சத்தே சேர்க்காத கரைசலில் அசோடோபாக்டரை வளர்த்ததும் இப்படித்தான். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கத் தெரிந்ததுதான் அதில் பிழைக்கும்.

1895-ல் டெல்ஃப்டில் பேராசிரியரானார். மாணவர்களிடம் மிகக் கண்டிப்பானவர், திருமணம் செய்துகொள்ளவில்லை. 1921-ல் ஓய்வுபெற்ற பிறகும் ஆய்வை விடவில்லை. இன்று அசோஸ்பைரில்லம் எனப்படும் பாக்டீரியாவை 1925-ல் விவரித்தபோது அவருக்கு வயது 74. 1931 ஜனவரி 1 அன்று மறைந்தார்.

இன்று ஸ்பைருலினா தொட்டியில் சமையல் சோடா சேர்த்துக் காரத்தன்மையை உயர்த்துவதும் இதே வழிதான். அந்தக் காரத்தில் ஸ்பைருலினா செழிக்கும். வேண்டாத பல உயிர்கள் தலையெடுக்காது. தொட்டியில் இலை, பூச்சி, தூசி விழுந்து அழுகினால் பாக்டீரியாவுக்கு நாமே இரை போட்டதாகும். தொட்டிக்கு மேல் வலை கட்டுங்கள்; விழுந்ததை அன்றே அள்ளி எடுங்கள்.