சனிக்கிழமை மட்டும் டவுட் கேட்ட மாணவர்: பார்வை போன பிறகும் கணக்கை விடாத ஆய்லரின் கதை

டிஸ்க்ரீட் மேத்ஸ் படித்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். கேள்வியைப் படித்தால் விடுகதை மாதிரி ஈஸியாகத் தெரியும். பேனாவை எடுத்தால் எங்கே ஆரம்பிப்பது என்றே புரியாது. பத்தே நிமிடத்தில் கை தானாக விடைப் பக்கத்தைத் தேடும்.

இந்தப் பாடத்தில் கிராஃப் தியரி, பார்ட்டிஷன், லத்தீன் சதுரம் என எங்கே திரும்பினாலும் ஒரு பெயர் எதிரே வந்து நிற்கும். லியோனார்டு ஆய்லர். அவர் எப்படிக் கணக்குப் போட்டுப் பழகினார்?

1707 ஏப்ரல் 15 அன்று சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பிறந்தவர். அப்பா பாதிரியார். மகனும் அதே வழியில் போகணும் என்பது அவர் ஆசை. 13 வயதில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஆய்லர், அங்கிருந்த கணித மேதை யோஹான் பெர்னூலியிடம் டியூஷன் கேட்டார். நேரமில்லை என்று மறுத்துவிட்டார் பெர்னூலி. ஆனால் கடினமான சில புத்தகங்களைக் கைகாட்டினார். தானாகவே படிக்க வேண்டும், புரியாததை மட்டும் சனிக்கிழமை மதியம் வந்து கேட்கலாம் என்பது ஏற்பாடு.

விஷயமே இங்கேதான் இருக்கிறது. எவ்வளவு குறைவாகக் கேட்க முடியுமோ அவ்வளவு குறைவாகக் கேட்க வேண்டும் என்று வாரம் முழுக்க முட்டி மோதினார் ஆய்லர். அப்படி மோதிவிட்டுப் போனதால், ஆசிரியர் ஒரு சந்தேகத்தைத் தீர்த்தால் கூடவே பத்து சந்தேகங்கள் காணாமல் போயின.

ஏழு பாலம், ஒரு நடை

1727-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போனார். அங்கே இருந்தபோதுதான் கோனிக்ஸ்பெர்க் நகரத்துப் புதிர் அவரிடம் வந்தது. இன்றைய கலினின்கிராட்தான் அந்த ஊர். ஆறு ஊரை நான்கு துண்டாகப் பிரிக்க, நடுவே ஏழு பாலங்கள். ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒருமுறை மட்டும் கடந்து ஊர் முழுக்க நடக்க முடியுமா?

இதில் கணிதமே இல்லை என்றுதான் முதலில் நினைத்தார். ஆனாலும் விடவில்லை. வழிகளை ஒவ்வொன்றாக எழுதிப் பார்ப்பதற்குப் பதில், ஒவ்வொரு துண்டிலும் எத்தனை பாலம் வந்து சேர்கிறது என்று எண்ணினார். ஒரு இடத்துக்குள் ஒரு பாலம் வழியாகப் போனால், வெளியே வர இன்னொரு பாலம் வேணும். அப்போ, தொடங்கும் இடமும் முடிக்கும் இடமும் தவிர மற்ற எல்லா இடத்திலும் பாலங்கள் இரட்டைப்படையில் இருந்தே ஆக வேண்டும். கோனிக்ஸ்பெர்க்கில் ஒரு துண்டுக்கு 5, மற்ற மூன்றுக்கும் தலா 3. நான்குமே ஒற்றைப்படை. முடியாது, அவ்வளவுதான். 1735-ல் அவர் சமர்ப்பித்த இந்தக் கட்டுரையில்தான் கிராஃப் தியரி தொடங்குகிறது.

(சதுரத்துக்குள் பெருக்கல் குறி போட்டு, பேனாவை எடுக்காமல் வரையச் சொல்லி ஸ்கூலில் ஏமாற்றுவார்களே? அதுவும் இதே கதைதான். நான்கு மூலையிலும் மூன்று மூன்று கோடுகள்.)

1740-ல் இன்னொரு கேள்வி கடிதத்தில் வந்தது. 50-ஐ ஏழு வெவ்வேறு எண்களின் கூட்டுத்தொகையாக எத்தனை விதத்தில் எழுதலாம்? 522 என்றார். அதற்குக் கையாண்ட ஜெனரேட்டிங் ஃபங்ஷன் முறையைத்தான் இன்றும் செமஸ்டர் தேர்வில் எழுதுகிறோம்.

கண்கள்

1738-லேயே வலது கண் கிட்டத்தட்டப் போய்விட்டது. பெர்லினில் 25 ஆண்டுகள் இருந்துவிட்டு 1766-ல் பீட்டர்ஸ்பர்க் திரும்பிய நேரத்தில் இடது கண்ணிலும் புரை. 1771-ல் வீடு தீப்பிடித்தது. பார்வையில்லாமல் உள்ளே சிக்கியவரை ஒருவர் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அதே ஆண்டு நடந்த ஆபரேஷனில் பார்வை திரும்பியது, சில நாட்களுக்கு மட்டும். இரண்டு ஆண்டுகளில் மனைவியும் இறந்தார்.

கணக்கு நிற்கவில்லை. மனதிலேயே போட்டார், சொல்லச் சொல்ல மகனும் உதவியாளர்களும் எழுதினார்கள். 1775-ல் மட்டும் சராசரியாக வாரத்துக்கு ஒரு கட்டுரை!

36 அதிகாரிகள் புதிரும் இந்தக் காலத்ததுதான். ஆறு படைப்பிரிவு, ஆறு பதவி. ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு நிரலிலும் எல்லாப் பிரிவும் எல்லாப் பதவியும் ஒருமுறை மட்டும் வரும்படி 36 பேரை நிறுத்த முடியுமா? சுடோகுவின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். 6-க்கு முடியாது, 10, 14, 18 என்று போகும் எண்களுக்கும் முடியாது என்று கணித்தார். நிரூபணம் மட்டும் அவரிடம் இல்லை.

1783 செப்டம்பர் 18 அன்று, 76 வயதில், மூளை ரத்தக்கசிவால் இறந்தார். அன்று பகலிலும் கணக்குப் போட்டிருந்தார்.

6-க்கு முடியாது என்பது 1900 வாக்கில் உறுதியானது. மற்றவற்றை உடைத்தவர்களில் இருவர் இந்தியர்கள். ராஜ் சந்திர போஸ், எஸ்.எஸ்.ஸ்ரீகண்டே ஆகியோரும் அமெரிக்கரான இ.டி.பார்க்கரும் 1959-ல் காட்டியது இது: 10-க்கு முடியும், 14-க்கு முடியும், அதற்கு மேலே எல்லாவற்றுக்கும் முடியும். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி போட்டது. ஆய்லரின் அந்தப் பட்டியலில் 6 மட்டும் மிஞ்சியது.