பிரௌட தேவராயரும் குடிகளின் குறையும்

வாலிகண்டபுரத்து ஆலயத்தில் வாலி சிவபெருமானைப் பூசித்து வரம் பெற்றான் என்பது அவ்வூர் ஐதிகம். அத்துணைப் பலம் படைத்த வாலி, போருக்குப் புறப்பட்ட அன்று தன் மனைவி தாரை கூறிய நல்லுரையைச் செவிக்கொள்ளாது சென்று மாண்ட கதையை நம் இல்லங்களில் குழந்தைகளும் அறிவர். கேளாச் செவியுடையான் ஒருவன் பெயரைத் தாங்கிய இவ்வூரே விஜயநகர அரசாட்சியில் ஓர் உசாவடியின் தலைமை ஸ்தானமாயிருந்தது. உசாவுதல் என்னும் சொல்லுக்குக் கேட்டறிதல் என்று பொருளுண்டன்றோ! இச்சீமையை ஆண்ட ராயர்களுள், பிறர் சொல் கேட்பதில் பேர்பெற்ற இரண்டாம் தேவராய மகாராயரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

பிரௌட தேவராயர் என வழங்கப்பெற்ற இவர், 15ம் நூற்றாண்டின் முற்பகுதியில் இருபதாண்டுகளுக்கு மேல் செங்கோல் செலுத்தினார். யானை வேட்டையில் வல்லவர் என்னும் விருது பூண்டவர். பாமினி சுல்தான்களுடன் செய்த போர்களில் இவருடைய சேனை பலமுறை பின்னிட்டது. அப்பொழுது அவர் பிரபுக்களையும் அந்தணரையும் சபை கூட்டி, நம்மிடம் உள்ள குறை யாது என்று வினவினார் எனப் பெரிஷ்டா என்னும் பாரசீக சரித்திராசிரியர் எழுதுகின்றார். பகைவருடைய குதிரைகள் சிறந்தவை, வில்லாளரும் தேர்ந்தவர் எனச் சிலர் மறையாது உரைத்தனர். தோற்ற அரசன் முன்னிலையில் இங்ஙனம் உரைத்தவர் தலை தப்புதல் அரிது. தேவராயரோ அவ்வுரையை ஏற்று, முகம்மதியரைத் தம் சேனையிற் சேர்த்து, ஜாகீர்கள் அளித்து, தலைநகரில் அவர்களுக்குப் பள்ளிவாசலும் எடுப்பித்தார். அவர்கள் மனம் கோணாது வணங்குமாறு தம் சிம்மாசனத்தின் முன் குர்ஆன் பிரதியொன்றை வைப்பித்தார் என்றும் அச்சரித்திரம் கூறும்.

இவர் காலத்தில் குடிகள் தாமே கூடிச் செய்த தீர்மானங்களுக்கும் மதிப்பிருந்தது. சகம் 1347ல், அதாவது 1425-26ம் ஆண்டில், படைவீட்டு இராஜ்யத்துப் பிராமணர்கள், கன்னடியர் தமிழர் தெலுங்கர் முதலியோர் அனைவரும் ஒருங்கு கூடி, விவாகத்தைக் கன்னிகாதானமாகவே நடத்துவது என்றும், பொன் வாங்கிப் பெண் கொடுப்பவரும் பொன் கொடுத்துப் பெண் கொள்பவரும் அரச தண்டனைக்கும் ஜாதி விலக்குக்கும் உரியர் என்றும் உடன்படிக்கை செய்து, விரிஞ்சிபுரத்து ஆலயத்திற் கல்லில் வெட்டுவித்தனர். நாமும் நம் சங்கக் கூட்டங்களில் இத்தகைய தீர்மானங்களை ஆண்டுதோறும் நிறைவேற்றுகின்றோம். காகிதத்தில் எழுதி வைக்கின்றோம்.

நிற்க. சபையில் இருப்போர் சொல் அரசர் செவிக்கு எளிதில் எட்டும். ஏரும் தறியும் பிடிப்போர் சொல் எட்டுவது எங்ஙனம்? வாலிகண்டபுரத்துக்கு வடகிழக்கே, வெள்ளாற்றங்கரை ஆடுதுறையில் குற்றம் பொறுத்தநாதர் கோயிலிலும், சோணாட்டுக் கொறுக்கையிலும், வேறு சில ஊர்களிலும் 1429ம் ஆண்டுச் சாசனங்கள் உள்ளன. வலங்கை 98, இடங்கை 98 எனப்பெற்ற ஜாதியார், தமக்குள் இருந்த பழம்பகையை ஒதுக்கிவிட்டு, ஒன்றுகூடிப் பொறித்தவை அவை. விளைவுக்குத் தக்கவாறு இறை விதிக்கப்படவில்லை. அரச அதிகாரிகளும் ஜீவிதக்காரரும், அவர்களுடன் சேர்ந்த பிராமண வேளாளக் காணியாளரும் நெருக்கியமையால் ஊரை விட்டு ஓடவும் துணிந்தோம். நாம் ஒற்றுமைப்படாததனாலேயே இவ்வநியாயம் நேர்ந்தது எனக் கண்டு, நியாயமான இறையன்றி வேறு கொடுப்பதில்லை என முடிவு செய்தோம் என்பது கொறுக்கைச் சாசனத்தின் கருத்து. இக்கூட்டத்தார் செலுத்தத்தகும் வரிகளின் விகிதத்தையும் தாமே வரையறுத்தனர். பின்வந்த அதிகாரிகள் எவரும் இவ்வெழுத்துக்களைச் செதுக்கி எறிந்திலர் என்பதை நாம் பெரிதாகவே எண்ணுகின்றோம்.

அரண்மனைக்குள்ளேயே ஓசைகளை மறைத்த ஒரு கொடுமையையும் இங்கே கூறவேண்டும். 1443ல் விஜயநகரம் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் குறித்து வைத்தது இது. அரசரின் சகோதரர் புது மாளிகை கட்டிப் பிரபுக்களை விருந்துக்கு அழைத்து, பேரிகையும் எக்காளமும் முழங்கச் செய்து, விருந்தினரை ஒவ்வொருவராக உள்ளே வரவழைத்துக் கொல்வித்தார். வாத்திய முழக்கத்தில் அவர்கள் அலறல் வெளியே கேட்கவில்லை. பின் அரசரையும் குத்தினார். அரசர் காயத்துடன் உயிர் தப்பினார்.

குடிகளின் முறையீடு அரச ஆணையாக வெளிப்பட்டதை 1446ம் ஆண்டு விருத்தாசலச் சாசனத்திற் காண்கின்றோம். அதிகாரிகள் பதவியேற்குந்தோறும் காணிக்கை என்னும் பெயரால் பலவந்தமாகப் பொருள் பறித்தமையால் குடிகள் பிறநாடு புகுந்தனர், கோயில்களிற் பூசையும் திருவிழாவும் நின்றன, நாடு நோயால் நலிந்தது என்று அதில் மறைக்காமல் கூறப்பட்டுள்ளது. இனி அக்காணிக்கை கொள்ளலாகாது என்றும் விதிக்கப்பட்டுள்ளது. தம் ஆட்சியின் குற்றத்தைத் தம் ஆணையிலேயே எழுதுவித்தது பெருந்தன்மையே. ஆயினும் 1429ல் எழுந்த குரலுக்கு 17 ஆண்டுகள் கழித்து வந்த விடை இது. இடையில் ஊரைவிட்டுச் சென்ற குடும்பங்கள் எத்தனையோ! அரசரின் செவி குறையுடையதன்று. செவிக்கும் குடிகளுக்கும் நடுவே நின்றவர்கள், எவர்மீது முறையீடோ அவர்களேயாவர்.

ஆணை பிறந்த அவ்வாண்டிலேயே தேவராயரும் காலமானார். அதை நிறைவேற்றும் பொறுப்பு அவர் மைந்தர் மல்லிகார்ச்சுனரிடம் சேர்ந்தது.