நூல் முதல் நானோ வரை: ஜி.டி. நாயுடு

அவிநாசி ரோடு மேம்பாலத்துக்கு யார் பேர்னு உங்களுக்குத் தெரியும். அந்தப் பேருக்கும் நம்ம மெட்ராலஜி லேபுக்கும் என்ன சம்பந்தம்னு யோசிச்சிருக்கீங்களா?

1893 மார்ச் 23-ல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தார் கோபால்சாமி துரைசாமி நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவே இல்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மனசைப் பறிகொடுத்தார். ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதே வண்டியை வாங்கி, அக்கக்காகப் பிரித்து, திரும்பப் பூட்டினார். அதுதான் அவர் படித்த இன்ஜினியரிங்.

1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சி–பழனி ரூட்டில் இறங்கினார். அது யூ.எம்.எஸ். ஆக வளர்ந்தது. 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, உள்நாட்டிலேயே செய்த முதல் மின் மோட்டாரைக் கொண்டுவந்தார். மோட்டாரில் ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே இருப்பது மெல்லிய இடைவெளி. மையம் கொஞ்சம் விலகினாலும் உரசும். அடுத்தடுத்து வந்தவையும் அதே ரகம்தான்: சின்ன மோட்டாரில் ஓடும் 'ரசாந்த்' ரேஸர், மிக மெல்லிய பிளேடு, ஃபிலிம் கேமராவுக்கான தூரம் சரிசெய்யும் கருவி. ஃபோகஸ் என்பதே லென்ஸைத் துளித்துளியாக நகர்த்திச் சரியான இடத்தில் நிறுத்துவதுதானே!

நம்ம ஊர்ப் பட்டறையில் ஒரு நூல்னா 1/8 இன்ச். நானோமீட்டரில் அது 31 லட்சத்துக்கும் மேல! லேபில் இருக்கும் மைக்ரோமீட்டரை ஒரு சுற்று சுற்றினால் 0.5 மி.மீ. நகரும், 50 கோடுகளில் ஒரு கோடு 0.01 மி.மீ. நானோ அளவுக்குப் போனால் திருகின் உராய்வும் 'ப்ளே'யும் காலை வாரிவிடும். அதனால்தான் இன்றைய ஆராய்ச்சிக் கூடங்களில் வோல்டேஜ் கொடுத்தால் துளியளவு நீளும் பீசோ படிகத்தை வைத்து நகர்த்துகிறார்கள். கருவி மாறிப்போச்சு, கேள்வி மட்டும் அதேதான்: வேண்டிய இடத்தில் பிசகாமல் நிறுத்துவது எப்படி?

1945-ல் நாயுடுவின் முயற்சியிலும் நன்கொடையிலும் உருவானதுதான் ஆர்தர் ஹோப் கல்லூரி, இன்றைய ஜி.சி.டி. முதல்வராக இருந்த அவர், நாலு வருஷப் படிப்பு வீண், ரெண்டே வருஷம் போதும்னு வாதாடினார். அரசு ஏற்கவில்லை, பதவியை விட்டுவிட்டார். 1974 ஜனவரி 4-ல் மறைந்தார்.

அவர் சொன்னது சரியா தப்பான்னு கேன்டீன்ல சண்டை போடலாங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கணக்கு: எட்டு செமஸ்டரில் எத்தனை மெஷினைப் பிரிச்சு, ஒரு ஸ்க்ரூகூட மிச்சமில்லாம நாம திரும்பப் பூட்டியிருக்கோம்?