நகர வைத்தியர் பாட்ரிக் கெடிஸ்

பழைய ஊரைச் சீர்திருத்துவதென்றால் இடிப்பது என்று பொருள் கொள்ளும் வழக்கம் நமது நகரசபைகளை இன்னும் விட்டபாடில்லை. வீதியை அகலமாக்க உத்தரவு பிறந்தால் முதலில் விழுவது நிழல் மரம். அடுத்து வீட்டுத் திண்ணை. முடிவில் நடந்து செல்பவனுக்கு ஓரத்திலும் இடமில்லை. இந்தப் பிணிக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தஞ்சாவூர்ச் சந்துகளைப் பார்த்து மருந்து சொன்ன அறிஞர் ஒருவரின் சரித்திரத்தை வாசகர்களுக்கு ஞாபகப்படுத்த விரும்புகிறோம்.

ஸர் பாட்ரிக் கெடிஸ் 1854-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி ஸ்காட்லாந்தில் பாலட்டர் என்ற சிற்றூரில் பிறந்தார். காந்தியடிகள் பிறந்ததும் அதே தேதியில்தான், பதினைந்து வருஷங்கள் கழித்து. ஹக்ஸ்லியிடம் ஜீவ சாஸ்திரம் பயின்ற கெடிஸுக்கு 1879-ல் மெக்ஸிகோவில் கண்ணோய் கண்டு, சில காலம் பார்வையே மறைந்தது. பார்வை திரும்பிற்று, ஆயினும் நுண்பெருக்கியில் நெடுநேரம் உழைக்கும் சக்தி திரும்பவில்லை. செடியை ஆராய்ந்த கண் ஊரை ஆராயத் தலைப்பட்டது. 1886-ல் அன்னா மார்ட்டனை மணந்தார். தம்பதிகள் எடின்பரோவின் பழைய நகரில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஒரு முற்றத்தில் குடியேறி, அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு, சுத்தம் செய்து சுண்ணாம்பு அடித்துச் செடி வளர்த்தார்கள். பிற்காலத்து உபதேசமெல்லாம் இந்த அநுபவத்தில் விளைந்ததே.

1914-ல் சென்னைக் கவர்னர் பெண்ட்லண்டின் அழைப்பில் இந்தியாவுக்கு வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் படங்களை ஏற்றிவந்த கப்பலை, சென்னைமீது குண்டு வீசிய அதே எம்டன் கடலில் மூழ்கடித்தது. அவர் மனந்தளரவில்லை. நண்பர்கள் அனுப்பிய புதிய படங்களைக் கொண்டு 1915-ல் சென்னையில் கண்காட்சியை நடத்திவிட்டார்.

அன்னிய ஆட்சியின் அழைப்பில் வந்தவர் என்பதற்காக அவர் கண்டதைத் தள்ளிவிடுவது நியாயமன்று. ஆட்சியாளரின் எஞ்சினீயர்கள் வரைபடத்தில் கோடு கிழித்தார்கள். இவரோ சந்துசந்தாக நடந்தார். தஞ்சாவூரில் நெருக்கமான ஒரு பகுதியை ஊடறுத்து நேர் வீதிகள் போடத் திட்டமிருந்தது. அது வேண்டியதில்லை என்று கெடிஸ் காட்டினார். இருக்கும் சந்துகளைச் சற்றே விரித்து, பாழடைந்த சில வீடுகளை மட்டும் நீக்கி, காலி மனைகளைத் திறந்துவிட்டு மரம் வைத்தால், எல்லா வீடுகளுக்கும் காற்று வரும். செலவோ ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. வீடிழந்தவர்கள் மறைந்து போவதில்லை, பக்கத்துத் தெருவில் போய் நெருக்கத்தை வளர்ப்பார்கள் என்பது அவருடைய வாதம். நிலம் எடுக்கும் வழக்குகளில் நஷ்டஈட்டைப் பற்றி நாங்கள் வக்கீல்கள் எவ்வளவோ வாதிடுகிறோம். அந்த வீதி தேவையா என்று வாதிடச் சொல்லி எந்தக் கட்சிக்காரரும் எங்களிடம் வருவதில்லை!

கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதையும் அவர் கண்டித்தார். குளம் ஊரைக் குளிர்விக்கிறது. மீனும் வாத்தும் விட்டால் கொசுப்புழு ஒழியும் என்றார். தூர்த்த குளங்களின்மேல் நாம் கட்டியவற்றை ஒவ்வொரு மழைக்காலமும் நமக்குக் கணக்குக் காட்டுகிறது.

இந்தூரில் பிளேக் நோய் பரவியிருந்தது. அந்த வெள்ளைக்காரரைக் கண்டு ஜனங்கள் முதலில் அஞ்சினர். அவர் மன்னரிடம் ஒருநாள் ராஜாவாக இருக்க அநுமதி பெற்று, தீபாவளிக்கு ஓர் ஊர்வலம் ஏற்பாடு செய்தார். எந்தத் தெருக்கள் மிகச் சுத்தமோ அவற்றின் வழியே ஊர்வலம் செல்லும் என்று அறிவித்தார். ஊரே துடைப்பம் எடுத்தது. தெருக் கூட்டுவோர் அந்த ஊர்வலத்தில் கௌரவமாக நடந்தார்கள். எலியும் அழுக்கு அரக்கனும் கொளுத்தப்பட்டன. நூறு சட்டங்களால் ஆகாததை இது சாதித்ததென்பது நமது அபிப்பிராயம்.

1917-ம் வருஷம் அவருக்குக் கொடியது. மூத்த மகன் பிரான்ஸ் யுத்தகளத்தில் மாண்டான். இந்தியாவில் நோய்ப்படுக்கையில் இருந்த மனைவியிடம் அதைச் சொல்ல மனமின்றி மறைத்தார்; அவளும் அறியாமலே கண்மூடினாள். அதன் பிறகும் அவர் நம் நாட்டை விடவில்லை. 1919 முதல் பம்பாய் சர்வகலாசாலையில் சமூக சாஸ்திரம் போதித்தார். 1920-ல் ஜகதீச சந்திர போஸின் சரித்திரத்தை எழுதினார். 1925-ல் டெல் அவீவ் நகருக்குத் திட்டம் வகுத்தார்.

அவர் 1932-ம் வருஷம் ஏப்ரல் மாதம், ஸர் பட்டம் பெற்ற சில வாரங்களில், பிரான்ஸில் மோன்பெலியே நகரில் காலமானார். இந்திய ஊர்களைப் பற்றிய அவருடைய அறிக்கைகளிலிருந்து தொகுத்த நூலொன்று 1947-ல் லண்டனில் வெளிவந்தது. தஞ்சாவூரும் அதில் இருக்கிறது.