டாக்டர் சுப்பராயன்

செங்குன்றென ஓங்கி நிற்கும் திருச்செங்கோட்டு மலையை அடுத்து அமைந்தது குமாரமங்கலம் என்னும் ஊர். முன்பு சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்து இன்று நாமக்கல் மாவட்டத்தில் விளங்கும் அவ்வூரின் சமீன்தார் குடியில் 1889-ஆம் ஆண்டு பிறந்தவர் சுப்பராயன். செல்வத்திற் பிறந்தும் செல்வத்தோடு அமையாது, சென்னையிலும் பின்னர் ஆங்கில நாட்டு ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்திலும் பயின்று, சட்டக்கலையில் தேர்ந்தார். மங்களூரில் ஒடுக்கப்பட்டோர் உயர்வுக்கு உழைத்த குத்மல் ரங்கராவின் மகளார் இராதாபாயை மணந்தார். குலம் வேறு, மொழி வேறு. ஆயினும் அவர் அவற்றைத் தடையாகக் கருதினாரல்லர்.

முதலமைச்சர்

1920-இல் நிலக்கிழார் தொகுதியினின்று சென்னைச் சட்டமன்றம் புகுந்தார். அக்காலத்தில் நடைபெற்றது இரட்டை ஆட்சி. கல்வி முதலிய சில துறைகளே அமைச்சர்பால் இருந்தன. நிதியும் காவலும் ஆளுநர் சார்பினர் கையில் இருந்தன. 1926-ஆம் ஆண்டுத் தேர்தலில் மிகுந்த இடங்களைப் பெற்ற சுயராஜ்யக் கட்சியார் பதவியேற்க மறுத்தனர். ஆகவே, எக்கட்சியும் சாராத சுப்பராயனை ஆளுநர் கோஷன் பிரபு முதலமைச்சராக்கினார். அப்போது அவருக்கு வயது 37.

1928-இல் சைமன் குழுவின் வருகை பெரும் பூசலை விளைத்தது. உடன் அமைச்சர் இருவரும் பதவி துறந்தனர். சுப்பராயனோ நீதிக்கட்சியின் துணைபெற்றுப் பதவியில் நீடித்தார். அதனால் அவர்மீது பழிச்சொல் எழுந்தது. எனினும், அவ்வமைச்சரவைக் காலத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறியது. பணிகளில் எல்லா வகுப்பாருக்கும் இடம் தரும் வகுப்புவாரி ஆணை செயலுக்கு வந்தது. அரசுப் பணியாளரைத் தேர்ந்தெடுக்கத் தேர்வாணையமும் தோன்றியது. 1930-இல் அவர் பதவி முடிவுற்றது.

திறவாத கதவு

பதவி நீங்கிய பின்னரே அவர்தம் உள்ளத்தின் உறுதி விளங்கிற்று. தாழ்த்தப்பட்டோர் ஆலயம் புக வழி செய்யவேண்டுமென 1932-இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்து வெற்றி பெற்றார். ஆனால், அதற்குரிய மசோதாவைக் கொணர அரசப்பிரதிநிதி இசைவு தரவில்லை. திறக்க முயன்ற கதவு அடைபட்டது. அவர் காத்திருந்தார். பின்னர்க் காங்கிரசிற் சேர்ந்து, 1937-இல் இராஜாஜியின் அமைச்சரவையில் சட்டத்திற்கும் கல்விக்கும் அமைச்சரானார். அவ்வமைச்சரவையே 1939-இல் ஆலயப் பிரவேசச் சட்டத்தை நிறைவேற்றியது.

மொழிச் சிக்கல்

அவர் கல்வியமைச்சராயிருந்த 1938-ஆம் ஆண்டிலேதான் இந்தி சில பள்ளிகளிற் கட்டாய பாடமாயிற்று. தமிழகத்தில் கிளர்ச்சி மூண்டது. பலர் சிறை புகுந்தனர். ஆண்டுகள் பல சென்றன. 1955-இல் நடுவணரசு அமைத்த ஆட்சிமொழிக் குழுவில் அவரும் ஓர் உறுப்பினரானார். பெரும்பான்மையோர் கருத்துக்கு உடன்படாது, இந்தி பேசாத மக்களின் இடரை எடுத்துக்காட்டி, மாறுபட்ட குறிப்பொன்றை எழுதினார். வங்க மொழியறிஞர் சுநீதிகுமார் சாட்டர்ஜியும் அவ்வாறே எழுதினார். தாம் முன்பு அங்கம் வகித்த அரசின் செயலை நினையாது, கண்டறிந்த உண்மையைக் கூறுதற்கு நெஞ்சுரம் வேண்டுமன்றோ?

இறுதி நாட்கள்

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சமீன் முறை ஒழிந்தது. அவர்தம் பொதுத்தொண்டு ஒழியவில்லை. அரசியல் நிர்ணய சபை உறுப்பினராகவும், இந்தோனேசியாவில் இந்தியத் தூதராகவும், திருச்செங்கோட்டு மக்களின் நாடாளுமன்றப் பிரதிநிதியாகவும், நடுவணமைச்சராகவும் விளங்கினார். 1962-இல் மகாராட்டிர ஆளுநரானார்; அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் பதவியிலிருக்கும்போதே மறைந்தார். அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட ஆட்சிமொழிச் சட்டம், ஆங்கிலமும் தொடர்ந்து வழங்க வழி செய்தது.

படைத்தலைவரான குமாரமங்கலம், அமைச்சரான மோகன், நாடாளுமன்றத்தில் உழைப்பாளர்க்காகப் பேசிய பார்வதி ஆகியோர் அவர்தம் மக்கள். தந்தை வழியை அப்படியே பின்பற்றாது, தத்தம் வழியிற் சென்று அவர்கள் புகழ் பெற்றனர். பிறப்பால் வருவது பட்டம். பணியால் வருவதே பெருமை. குமாரமங்கலத்துச் சமீன்தாரின் வாழ்க்கை நமக்கு உணர்த்துவது இதுவேயாம்.