நாடற்ற வீரருக்கு எகிப்து தந்த குடியுரிமை

விம்பிள்டன் என்றதும் நம் பிள்ளைகள் இன்றைய நட்சத்திரங்களின் பெயர்களைச் சொல்வார்கள். 1954-ஆம் ஆண்டு அந்தப் பட்டத்தை வென்றவரின் பெயருக்கு அருகில் எகிப்து என்று எழுதப்பட்டிருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர் பெயர் யாரோஸ்லாவ் ட்ரோப்னி. எகிப்தில் பிறந்தவரல்லர், முஸ்லிமும் அல்லர்.

1921-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரில் பிறந்தார். தந்தை ஒரு டென்னிஸ் கிளப்பில் மைதானப் பராமரிப்பாளர். அங்கே பந்து பொறுக்கிப் போடும் சிறுவனாகத்தான் இவர் விளையாட்டைக் கற்றார். பனி ஹாக்கியிலும் வல்லவர். 1948 ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்ற அணியில் இருந்தார். பனி ஹாக்கி ஆடும்போது கண்ணில் பட்ட காயத்தால் பார்வை பாதிக்கப்பட்டு, பிற்காலத்தில் கறுப்புக் கண்ணாடி அணிந்தே டென்னிஸ் ஆடினார்.

1948-இல் அவர் நாட்டில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. விளையாட்டு வீரர்கள் எங்கே போவது, யாரோடு ஆடுவது என்பதையெல்லாம் அரசே தீர்மானித்தது. 1949 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் குஸ்டாட் நகரில் ஆடிக்கொண்டிருந்தபோது, போட்டியிலிருந்து விலகும்படி உத்தரவு வந்தது. ட்ரோப்னியும் சக வீரர் செர்னிக்கும் மறுத்துவிட்டனர். அத்துடன் தாய்நாட்டின் கதவு மூடியது. கையில் இருந்தது சில சட்டைகளும் 50 டாலரும்தான்.

பாஸ்போர்ட் இல்லாதவர் எந்த எல்லையைக் கடக்க முடியும்? சுவிட்சர்லாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் ஆவணங்களைப் பெற முயன்றார், கிடைக்கவில்லை. கடைசியில் குடியுரிமை தர முன்வந்தது மன்னர் ஃபாரூக் ஆட்சியில் இருந்த எகிப்து. 1952-இல் மன்னர் ஃபாரூக் பதவி இழந்தார். ஆனால் ட்ரோப்னியின் குடியுரிமை நிலைத்தது.

எகிப்தியராக 1951, 1952 ஆண்டுகளில் பிரெஞ்சுப் பட்டத்தை வென்றார். விம்பிள்டன் மட்டும் கைகூடவில்லை. 1949, 1952 இறுதிப் போட்டிகளில் தோற்றார். 1953-இல் பட்ஜ் பாட்டியுடன் 93 கேம்கள் போராடி வென்றார்; ஆனால் காலில் காயத்துடன் அரையிறுதியில் வெளியேறினார். இனி முடியாது என்றே பலரும் கருதினர்.

1954-இல் 32 வயதில், பதினோராவது முறையாக விம்பிள்டனுக்கு வந்தார். தரவரிசையில் கொடுத்ததும் 11-ஆம் இடம்தான். காலிறுதியில் லூ ஹோட்டையும், அரையிறுதியில் அதே பாட்டியையும் வீழ்த்தினார். இறுதியில் எதிரே நின்றவர் 19 வயதே ஆன ஆஸ்திரேலியர் கென் ரோஸ்வால். 13-11, 4-6, 6-2, 9-7 என்ற கணக்கில் ட்ரோப்னி வென்றார். ஆப்பிரிக்க நாடு ஒன்றின் பெயரில் விம்பிள்டன் ஆண்கள் ஒற்றையர் பட்டம் வென்றவர் இன்றுவரை அவர் ஒருவரே.

1959-இல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றார். 2001-இல் மறைந்தார்.

இரண்டு முறை இறுதியில் தோற்றவர் மூன்றாம் முறையும் வந்து நின்றார் என்பதில் நம் பிள்ளைகளுக்குப் பாடம் உண்டு. பெரியவர்களாகிய நமக்கும் ஒன்று உண்டு. திறமை அவருடையது, உழைப்பும் அவருடையதே. ஆனால் எல்லையைக் கடக்க ஒரு பாஸ்போர்ட்டை எவரும் தந்திருக்காவிட்டால், அந்தத் திறமை மைதானத்தின் வாசலைக்கூடத் தொட்டிருக்காது. இன்றும் நாடற்றவர்களாக முகாம்களில் வாழும் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது, அவர்களை வெறும் சுமையாக எண்ணாமல் இதை நினைவில் கொள்வோம்.